கோடையில் எழுத ஓர் இலக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. முழு ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை நெருங்கும் வேளையில், இந்தக் கோடையிலாவது உருப்படியாக ஏதேனும் எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் எழுந்திருக்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, எழுத்து இலக்குகள் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அரசுப் பள்ளியில் கணித ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் ஊர்த் தறிக்காரர் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையை நாவலாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒவ்வொரு மே மாதமும் 300 பக்கம் எழுதி முடித்துவிடுவது என்று உறுதி எடுப்பேன். இருபது, முப்பது பக்கத்தோடு நின்றுவிடும். பள்ளி திறக்கும்போது மனம் மிகவும் சோர்ந்துபோகிறது. எனக்கு எழுத வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஓர் ஆசிரியர், சங்கரன்கோவில்

பதில்: கணக்கு உங்கள் துறை என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அச்சுப் புத்தகத்தில் பக்கத்துக்கு 200 சொற்கள் என்று குறைவாகக் கொண்டாலும், 300 பக்கத்துக்கு 60,000 சொற்கள் வேண்டும். விடுமுறை என்று சொல்லப்படும் நாட்களில் விடைத்தாள் திருத்தும் பணிக்குச் சில நாட்கள் போகும். கோயில் கொடை, வைகாசி முகூர்த்தங்கள், பெற்றோரைப் பார்க்கப் போவது, வீட்டுக்கு விருந்தினர் வருவது என்று இன்னும் சில நாட்கள் போகும். எஞ்சி நிற்பவை 25 நாட்கள் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 2,400 சொற்கள் எழுதியாக வேண்டும். கதையை யோசித்து யோசித்து எழுதுபவருக்கு மணிக்கு 400 சொற்கள் என்பதே நல்ல வேகம். அப்படியானால் கத்திரி வெயிலில், ஒரு நாள்கூடத் தவறாமல், தினமும் ஆறு மணி நேரம் எழுதுவதாக நீங்கள் உங்களுக்கே வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். முழுநேர எழுத்தாளர்களிலும் பலரால் தாங்க முடியாத வேலை அது. ஆகவே எழுத வராது என்ற முடிவுக்கு உங்கள் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. இருபது, முப்பது பக்கம் எழுதினீர்கள் என்பதே வரும் என்பதற்குச் சான்று.

1999-இல் அமெரிக்காவில் சில நண்பர்கள் தொடங்கிய ஒரு பழக்கத்தைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். ஒரே மாதத்தில் 50,000 சொற்கள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் எழுதுவது என்பது அதன் விதி. அதைப் பின்பற்றி இங்கும் பலர் அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அது ஆங்கிலத்துக்கு வகுத்த எண்ணிக்கை. அங்கே மூன்று, நான்கு சொற்களில் வருவதைத் தமிழ் பெரும்பாலும் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால், அவர்களுடைய 1,667 நமக்குப் பொருந்தாது.

இந்தக் கோடைக்கு என் பரிந்துரை நாளுக்கு 500 சொற்கள், 25 நாட்கள், மொத்தம் 12,500 சொற்கள். அச்சில் இது அறுபது பக்கத்துக்குச் சற்று மேல் வரும். இதற்கு நாவல் என்று பெயர் வைக்காதீர்கள். மூன்று தலைமுறையையும் தொடவும் வேண்டாம். முதல் தலைமுறையில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியை, உதாரணமாகத் தாத்தா குழித்தறியை விற்ற ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை மூன்று அத்தியாயங்களில் முடித்துவிடுங்கள். முடிந்துபோன மூன்று அத்தியாயங்களோடு ஜூன் மாதத்தை எதிர்கொள்வதற்கும், அறுந்து கிடக்கும் முப்பது பக்கங்களோடு எதிர்கொள்வதற்கும் மனநிலையில் பெரிய வேறுபாடு உண்டு. அடுத்த விடுமுறை வரை உங்களைத் தொடர்ந்து எழுத வைக்கக்கூடியது அந்த நிறைவுதான்.

அளவைத் தீர்மானித்த பிறகு நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டே எழுதியவர்களில் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலோப்பின் முறையை நான் பலருக்கும் எடுத்துச் சொல்வதுண்டு. அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்த அவர், காலை ஐந்தரை மணிக்கே மேசைக்கு வந்துவிடுவார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். வாரவாரியாகக் கட்டம் போட்ட ஒரு குறிப்பேட்டில் அன்றன்று எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையையும் பதிந்துவைப்பார். அவருடைய வேகம் நமக்கு வேண்டாம். அந்த வேகத்தைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை, முந்தைய நாள் பக்கத்தைப் படித்துவிட்டு எழுதத் தொடங்குவது, எழுதியதைக் கணக்கு வைப்பது ஆகிய இரண்டு பழக்கங்கள் மட்டுமே. தென்காசிப் பக்கத்து வெயிலுக்குக் காலை ஐந்து மணி முதல் ஆறரை மணி வரை உகந்த நேரம். அந்த நேரத்தில் செல்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

எழுதி முடித்து எழுந்திருக்கும்போது, மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்பதை ஒரு வரியில் குறித்துவையுங்கள். “நாளை: அத்தை கதவைத் தட்டுகிறாள், அப்பா திறக்க வேண்டாம் என்கிறார்” என்று இருந்தால் போதும். காலையில் வெற்றுத் தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதல் இருபது நிமிடம் இதனால் மிச்சமாகும். அதேபோல, ஒரு நாள் தவறிவிட்டால் அந்த 500 சொற்களை மறுநாள் தலையில் ஏற்றாதீர்கள். இரண்டு நாள் தவறியதும் 1,500 சொற்களாகும். மூன்றாம் நாள் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மனம் வராது. விடுமுறை எழுத்துகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. தவறிய நாளுக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு, மறுநாள் மறுபடி 500 சொற்களே எழுதுங்கள்.

தறி உலகத்தைப் பற்றிய நாவல் என்பதால் விவரச் சேகரிப்பு தேவைப்படும். அந்தக் காலத்தில் ஒரு பாவுக்கு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலுக்கு) என்ன கூலி, நெய்த சேலையை எத்தனை நாளுக்கு ஒருமுறை முதலாளி வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள், தார் சுற்றும் வேலை, அதாவது ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றும் வேலை, வீட்டில் யாருடையது என்பவற்றைத் தெருவிலுள்ள பெரியவர்களிடம் மாலை நேரங்களில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தை மட்டும் இதற்கு விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதும்போது ஒரு விவரம் தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் “இங்கே கூலி” என்று எழுதி வட்டமிட்டுவிட்டு மேலே செல்லுங்கள். விவரம் தேடப் போனவர் அன்றைக்கு மறுபடி எழுத உட்காருவது அரிது.

கேள்வி: இந்தக் கோடைக்குள் மூன்று பத்திரிகைகளில் என் சிறுகதைகள் வெளிவர வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறேன். சரியான இலக்குதானா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கதை வெளிவருவது ஆசிரியர் குழுவின் முடிவைப் பொறுத்தது, அந்த முடிவு தெரியவே பல வாரங்கள், சில இடங்களில் பல மாதங்கள் ஆகலாம். மூன்று கதைகளை எழுதித் திருத்தி மே மாத இறுதிக்குள் அனுப்பிவிடுவது என்று இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அது முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஒரு கதையை ஒரே சமயத்தில் ஒரு பத்திரிகைக்கு மட்டும் அனுப்புங்கள். எதை, எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று எழுதி வையுங்கள். அனுப்பிய மறுநாளே அடுத்த கதையைத் தொடங்கிவிடுவது நல்லது. பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஒன்றும் எழுதாமல் இருப்பவர்களைத்தான் மறுப்புக் கடிதம் அதிகமாக வருத்துகிறது.

கேள்வி: எனக்கு எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். பள்ளி நாட்களில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை எழுதுவேன். விடுமுறை வந்தால் நாத்தனார் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். அடுப்படியை விட்டு நகர முடியாது. எல்லோரும் கோடையில் எழுதச் சொல்கிறார்கள். எனக்கோ கோடையில்தான் பேனாவைத் தொட முடிவதில்லை.
– ஓர் இல்லத்தரசி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோடையில் நேரம் கிடைக்கும் என்ற பேச்சு, விடுமுறை உண்மையாகவே விடுமுறையாக இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை என்றால் சமைப்பவருக்கு வேலை இரட்டிப்பாகிறது என்பதை, எழுத்தைப் பற்றி அறிவுரை சொல்லும் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே இந்த இரண்டு மாதங்களில் பக்கக் கணக்கு எதுவும் உங்களுக்கு வேண்டாம். எழுதிக்கொண்டிருந்த கதையின் நூல் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதே இலக்காக இருக்கட்டும்.

அதற்கு ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். அன்று காதில் விழுந்த ஒரு பேச்சு, பிள்ளைகள் போட்ட ஒரு சண்டை, மாமியார் வடகம் பிழியும்போது சொன்ன ஒரு பழைய செய்தி ஆகியவற்றை அடுப்படியில் தொங்கும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதினாலும் சரிதான். கை ஈரமாக இருக்கும் வேளையில் செல்பேசியில் குரல் பதிவு செய்துகொள்ளலாம். செல்பேசிக் குரல்வழித் தட்டச்சு இன்று தமிழை ஓரளவு நன்றாகவே எடுத்துக்கொள்கிறது. பேச்சு வழக்கில் பேசினால் பிழைகள் மிகும் என்பதால், குறிப்புக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் இந்தத் தாள்களை வரிசைப்படுத்தி, அவற்றிலிருந்து ஒரே ஒரு கதையை எழுதத் தொடங்குங்கள். உங்கள் கோடை இலக்கின் இரண்டாம் பகுதி அது.

மேலே நான் குறிப்பிட்ட ட்ரோலோப்பின் தாயார் ஃபிரான்சஸ் ட்ரோலோப்பும் எழுத்தாளர்தான். 1832-இல் முதல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நோயுற்ற கணவரையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டே அவர் நாவல்கள் எழுதினார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுத உட்கார்ந்து, வீட்டார் எழுவதற்குள் அன்றைய வேலையை முடித்துவிடுவார். அவருடைய அறையில் மருந்துப் புட்டிகளும் மைப்புட்டியும் அருகருகே இருந்தன என்று மகன் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். உங்கள் வயதில் கிடைக்காத நேரம் பின்னாளில் கிடைக்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு எழுதுங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

வீட்டாரிடம் நேரம் கேட்கத் தயங்காதீர்கள். “கொஞ்சம் எழுத வேண்டும்” என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். “செவ்வாய், வெள்ளி மாலை ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை நான் மாடியில் இருப்பேன், பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று நாளையும் மணியையும் குறிப்பிட்டுக் கணவரிடம் சொல்லுங்கள். தையல் வகுப்புக்கோ தட்டச்சு வகுப்புக்கோ போகிறேன் என்றால் வீடு அதற்கு இடம் கொடுத்திருக்கும். எழுத்துக்கும் அந்த மதிப்பைக் கேட்டுப் பெறுவதில் தவறே இல்லை.

கேள்வி: சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 71. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள், வாழ்க்கையை எழுதுங்கள் தாத்தா என்கிறார்கள். பிறந்த ஊரிலிருந்து தொடங்கினேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டவே இல்லை. இந்தக் கோடையில் முடிக்க வழி உண்டா?
– ஒரு மூத்த வாசகர், விழுப்புரம்

பதில்: ஐயா, முழு வாழ்க்கையையும் ஒரு கோடையில் எழுதி முடிக்க வழி இல்லை, அதை முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940 ஜனவரியில். அப்போது அவருக்கு வயது 84. வாரம் ஓர் அத்தியாயமாக எழுதிக்கொண்டே வந்தார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. அவருடைய வாழ்வின் பிற்பாதியைத் தொடாமலே நின்றுவிட்டது. அப்படியிருந்தும், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ்நாட்டின் கல்வியையும் மடங்களையும் கிராமங்களையும் அறிய விரும்புபவர் இன்றும் அந்த நூலைத்தான் தேடிச் செல்கிறார். ஒவ்வொரு வாரமும் எழுதியது அந்த வாரத்துக்கு முழுமையாக இருந்ததால், முடிவு இல்லாத குறை படிப்பவருக்குத் தெரிவதில்லை.

நீங்களும் வாரத்துக்கு ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் மத்தியிலிருந்து ஜூன் மத்திக்குள் எட்டுக் கட்டுரைகள் சேர்ந்துவிடும். பிறப்பிலிருந்து வரிசையாக எழுதுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, பேரப்பிள்ளைகள் வேறு எங்கும் கேட்க முடியாத செய்திகளிலிருந்து தொடங்குங்கள். வண்டியின் கடைசியில் பிரேக் வேனில் தனியாக உட்கார்ந்து இரவைக் கழித்தது எப்படி இருந்தது? உங்கள் இரும்புப் பெட்டிக்குள் என்னென்ன பொருட்கள் இருந்தன? விரைவு வண்டிக்கு வழிவிட்டு, ஏதோ ஒரு சிறிய நிலையத்தின் லூப் லைனில் மணிக்கணக்காக நின்ற இரவில் என்ன சாப்பிட்டீர்கள், டிரைவரோடு என்ன பேசினீர்கள்? மழையில் கைவிளக்கைக் காட்டியபோது முன்னால் இருப்பவருக்கு அது தெரிந்தது என்பதை எப்படி உறுதிப்படுத்திக்கொள்வீர்கள்? இவை ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குப் போதுமானவை. கார்டின் ரஃப் ஜர்னலில் புறப்பட்ட நேரம், நின்ற நேரம், தாமதத்தின் காரணம் என்று பல ஆண்டுகள் எழுதியவர் நீங்கள். சுருக்கமும் துல்லியமும் கையில் பழகியிருக்கும். அதோடு மனத்தில் பட்டதையும் சேர்த்து எழுத வேண்டியது ஒன்றே புதிய வேலை.

எட்டுக் கட்டுரைகளின் தலைப்புகளையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கண்ணும் கையும் சோர்ந்தால் நீங்கள் சொல்ல, பேரப்பிள்ளை ஒருவர் எழுதட்டும். சனிக்கிழமை மாலையில் அந்த வாரக் கட்டுரையை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க வாசித்துக் காட்டுங்கள். கேட்பவர்கள் இடையில் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டால், கட்டுரையில் எது விடுபட்டது என்பது உடனே புலப்படும். பிறந்த ஊரைப் பற்றி முன்பு எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள். அவையும் ஒரு கட்டுரைதான்.

கேள்வி: தினம் ஒரு கவிதை எழுதி இன்ஸ்டாகிராமில் பதிவிடுவது என்று விடுமுறைக்குத் திட்டமிட்டேன். முதல் வாரம் உற்சாகமாக இருந்தது. இப்போது விருப்பக்குறிகள் குறைந்துவிட்டன. எழுதவும் ஒன்றும் தோன்றவில்லை.
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: தினமும் எழுதுவது நல்ல பழக்கம், எழுதியதை அன்றே வெளியிடுவது உங்களுக்கு இடையூறாக இருக்கிறது. அன்றே வெளியிட வேண்டும் என்னும்போது திருத்தத்துக்கு நேரமே இல்லை. முதலில் தோன்றிய நிலாவும் மழையும்தான் வந்துகொண்டிருக்கும். மீதமுள்ள விடுமுறைக்குப் பத்துக் கவிதைகள் என்று இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரமாவது கிடக்கட்டும். பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் திருத்துங்கள்.

திருத்தம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. “வெயில் கொளுத்தியது / நாங்கள் தண்ணீருக்குத் தவித்தோம்” என்பது முதல் நாள் எழுதிய வரிகள் என்று வைத்துக்கொள்வோம். செய்தி இருக்கிறது, காட்சி இல்லை. அந்த மதியம் யார், எங்கே, எதைத் தொட்டார் என்று ஒரு வாரம் கழித்து உங்களையே கேட்டுக்கொண்டால், “கைப்பிடி சுடுகிறது, / துப்பட்டா முனையைச் சுற்றிக்கொண்டு / குழாயடிக்கிறாள் அக்கா” என்று வரக்கூடும். கொளுத்தியது, தவித்தோம் என்ற இரண்டு சொற்களும் தேவையற்றுப் போய்விட்டன. இந்த வேலையைச் செய்து பார்த்த பிறகு, எண்ணிக்கையின் மீது இருக்கும் ஆசை தானாகக் குறையும். பதிவிட விரும்பினால் ஜூனில் பதிவிடுங்கள். அதுவரை நல்ல வாசகியாக இருக்கும் ஒரு தோழியிடம் மட்டும் காட்டுங்கள். எழுதத் தோன்றாத நாட்களில் ஒரே கவிஞரின் ஒரு தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பேரைப் படிப்பதைவிட அது உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

கேள்வி: ஆறாம் வகுப்பு முடித்த என் மகளை விடுமுறையில் தினமும் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வைக்க எண்ணுகிறேன். என்ன தலைப்புகள் கொடுக்கலாம்?
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: தலைப்பை நீங்கள் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கம் என்ற கட்டாயமும் வேண்டாம்; அது விடுமுறை வீட்டுப்பாடமாகிவிடும், எழுதுவதில் அவளுக்கு இருக்கும் விருப்பமும் அதோடு போய்விடும். அவள் எழுதியதைச் சிவப்பு மையில் திருத்தாதீர்கள். படித்துவிட்டு, அதில் உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தை மட்டும் சொல்லுங்கள். படிப்பதற்கு உண்மையாகவே ஒருவர் காத்திருக்கிறார் என்றால் பிள்ளைகள் தாமாகவே எழுதுவார்கள். ஊரில் இருக்கும் பாட்டிக்கோ, வேறு ஊருக்கு மாறிப்போன தோழிக்கோ கடிதம் எழுதச் சொல்லிப் பாருங்கள். அஞ்சலட்டை 50 காசுதான். பத்து அட்டைகள் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெறுநர் முகவரியைப் பின்கோடு எண்ணோடு அவளையே எழுத விடுங்கள். பதில் எழுதி அனுப்பும்படி பாட்டியிடம் நீங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.